கீழாநெல்லியைச் சோதித்த நோபல் விஞ்ஞானி: கல்லீரல் நோய் குடும்ப வியாதியா, கிருமியா?

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் யாருக்காவது கண் மஞ்சளித்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், டிரஸரிடம் போவதற்கு முன்பே பாட்டிமார் தேடிப் போனது கீழாநெல்லியைத்தான். லயத்துக் கால்வாய் ஓரத்திலும் பால் மரங்களுக்கு இடையிலும் தானாக முளைத்துக் கிடக்கும் செடி அது. வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரில் கலந்து, விடியற்காலை வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய், மீன், காரம் எல்லாம் தள்ளி வைத்துப் பத்தியம் வேறு. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தாப்பா என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவரைக் கேட்டாலும், இந்த மருந்தைக் குடித்த ஒருவரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் இது பழக்கமான செடிதான். இலைக் காம்புக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காய்களைப் பார்த்து, பிள்ளையைச் சுமப்பது என்ற பொருளில் 'டுக்கோங் அனாக்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே கீழாநெல்லி 1980களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள ஒரு புற்றுநோய் ஆய்வு நிலையத்திற்குப் போனது. அதை அங்கே ஆராய்ந்தவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க். இன்று நம் நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் நாளிலேயே போடப்படும் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு வழி திறந்தவரும் இவர்தான். ஆனால் அவர் கல்லீரல் நிபுணர் அல்லர். கிருமிகளைத் தேடிப் போனவரும் அல்லர். ஒரே இடத்தில் வாழும் மனிதர்களில் சிலருக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது, அது பிறப்போடு வரும் குணமா என்ற மரபணுக் கேள்விதான் அவரை இழுத்துச் சென்றது. அந்தக் கேள்வி அவர் மனத்தில் விழுந்த இடம் ஒரு தோட்டத் தொழிலாளர் நாடு.

புளூம்பெர்க் 1925 ஜூலை 28ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். கடற்படையில் பணியாற்றிவிட்டுக் கணிதம் படிக்கத் தொடங்கியவர், பிறகு மருத்துவத்துக்கு மாறினார். மருத்துவ மாணவராக இருந்தபோது 1950இல் சில மாதங்கள் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். மொயங்கோ என்ற ஊர். ஆற்று வழியாக மட்டுமே போய்ச் சேரக்கூடிய சுரங்கப் பட்டணம்.

சுரினாமின் கதை மலாயாவின் கதையைப் போன்றதுதான். டச்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அங்கே போனவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்தவர். அதன் பின் ஜாவாக்காரர்களும் போனார்கள். ஏற்கெனவே ஆப்பிரிக்கர்களும் சீனர்களும் இருந்தார்கள். இத்தனை இனத்தவரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கொசுக்கடியில், ஒரே தண்ணீரில் வாழ்ந்தார்கள். ஆனால் யானைக்கால் நோய்க் கிருமி அவர்களைத் தாக்கிய விதம் ஒன்றாக இல்லை. சிலருக்குக் கால் வீங்கியது. பக்கத்திலேயே வாழ்ந்த சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. மாணவர் புளூம்பெர்க்கின் மனத்தில் இது ஆழமாகப் பதிந்தது. நோபல் பரிசு பெற்றபோது எழுதிய தன் வாழ்க்கைக் குறிப்பிலும் இதை மறக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஆக்ஸ்ஃபர்டில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் முடித்துக்கொண்டு 1957இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் சேர்ந்தார். அதன் பிறகு அவருக்கு ஒரே வேலை, இரத்தம் சேர்ப்பது. நைஜீரியா, பிலிப்பைன்ஸ், இந்தியா, அலாஸ்கா, பசிபிக் தீவுகள் என்று பல நாட்டு மக்களின் இரத்த மாதிரிகள் அவரது குளிர்பெட்டிகளில் சேர்ந்தன. ஒவ்வொரு மக்கள் கூட்டத்தின் இரத்தப் புரதத்திலும் பிறவியில் வரும் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்தால் நோயின் காரணமும் பிடிபடும் என்பது அவர் கணக்கு.

கண்டுபிடிக்க அவர் கையாண்ட வழி எளிமையானது, புத்திசாலித்தனமானதும்கூட. இரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள் வாழ்நாள் முழுக்கப் பிறரின் இரத்தத்தை ஏற்றிக்கொள்பவர்கள். தன் உடம்பில் இல்லாத புரதம் பிறர் இரத்தத்தில் வந்தால் அவர்கள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். ஆகவே அப்படிப்பட்ட ஒருவரின் இரத்த நீரைப் பல நாட்டு மக்களின் இரத்த நீரோடு மோத விட்டால், எங்கே வேறுபாடு இருக்கிறதோ அங்கே அடையாளம் தெரியும். மோத விட்ட இடம் அகார் பரப்பிய தட்டு. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வீட்டில் கிண்டும் அகார்-அகார் செய்யப் பயன்படும் அதே கடல்பாசிப் பொருள்தான். அதில் சிறு குழிகள் போட்டு, ஒரு குழியில் நோயாளியின் இரத்த நீரையும், சுற்றிலும் உள்ள குழிகளில் மற்றவர்களுடையதையும் ஊற்றுவார்கள். இரண்டும் பரவி வந்து பொருந்தினால் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று விழும்.

1963இல் அந்தக் கோடு விழுந்தது. நியூயார்க்கில் இருந்த ஒரு நோயாளியின் இரத்த நீர், உலகத்தின் மறுகோடியில் வாழ்ந்த ஓர் ஆஸ்திரேலியப் பூர்வகுடியின் இரத்த நீரோடு பொருந்தியது. அந்தச் சோதனையில் புளூம்பெர்க்கோடு பணியாற்றிய இளம் மருத்துவர் ஹார்வி ஆல்ட்டர். புதிய பொருளுக்கு 'ஆஸ்திரேலிய ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். அது என்ன என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தவறான பாதை சரியான ஊரில் கொண்டு விட்டது

புளூம்பெர்க் அதை ஒரு பரம்பரைக் குணம் என்றே நம்பினார். நம்பக் காரணமும் இருந்தது. தேடத் தேட அது குடும்பம் குடும்பமாக அகப்பட்டது. அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் இருந்தது. அமெரிக்கர்களிடம் அரிதாகவும், ஆசிய நாட்டவரிடமும் பசிபிக் தீவினரிடமும் அதிகமாகவும் இருந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும் மரபணுவின் வேலை இது என்று கணக்குப் போட்டால், கணக்கும் ஏறக்குறையச் சரியாக வந்தது.

இரத்தப் புற்றுநோயாளிகள் சிலரிடமும் அது தென்பட்டது. அப்படியானால் புற்றுநோய்க்கு எளிதில் ஆளாகும் பிறவிக் குணத்தின் அடையாளமாக இருக்குமோ என்று எண்ணி, இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக உள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பெரிய காப்பகங்களில் இருந்த பிள்ளைகளிடம் அது மிகுதியாகவே இருந்தது. ஆனால் ஒரு முரண். சிறிய இல்லங்களில் இருந்தவர்களிடம் குறைவாகவும், பெற்றோர் வீட்டிலேயே வளர்ந்தவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் இருந்தது. பிறவிக் குணம் என்றால் தங்கும் இடத்தைப் பொறுத்து ஏன் மாற வேண்டும்?

முடிச்சு அவிழ்ந்தது 1966இல். முதல் சோதனையில் அந்த ஆன்டிஜென் இல்லாத ஒரு பிள்ளைக்கு அடுத்த சோதனையில் அது இருந்தது. பிறவியில் இல்லாத குணம் பிறகு எப்படி வரும்? அந்தப் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அவனுக்குக் கல்லீரல் அழற்சி உண்டாகியிருந்தது. அடுத்த ஆண்டு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பார்பரா வெர்னர் என்ற பெண்ணுக்கு உடல் நலம் குன்றியது. சந்தேகப்பட்ட அவர் தன் இரத்தத்தைத் தானே சோதித்தார். மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. சில நாளில் மஞ்சள் காமாலை வெளிப்பட்டது. இப்படி ஆய்வுக்கூடச் சோதனையால் முதன்முதலில் கண்டறியப்பட்ட ஹெப்பாடைட்டிஸ் நோயாளிகளில் ஒருவராக அவரே ஆகிப் போனார். நல்லவேளையாகக் குணமடைந்தார்.

ஆக, ஆஸ்திரேலிய ஆன்டிஜென் என்பது மனிதனின் பரம்பரைப் புரதம் அல்ல, ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியின் மேலுறை. 1967இல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன் அனுப்பிய கட்டுரை ஒன்றை ஒரு மருத்துவ இதழ் ஏற்க மறுத்தது என்று புளூம்பெர்க்கே சொல்லியிருக்கிறார். ஜப்பானில் கசுவோ ஒகோச்சி, நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பிரின்ஸ் ஆகியோர் தனித்தனியே செய்த ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தின. 1970களின் தொடக்கத்தில் இரத்த வங்கிகள் தானமாக வந்த இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கின. இரத்தம் ஏற்றிக்கொண்டதால் மஞ்சள் காமாலை வருவது வெகுவாகக் குறைந்தது.

குடும்பம் குடும்பமாக இருந்ததற்கு விளக்கமும் கிடைத்தது. கிருமி உள்ள தாயின் இரத்தம் பிரசவ நேரத்தில் குழந்தையின் உடம்பில் கலந்துவிடுகிறது. பெரியவர்கள் உடம்பில் இந்தக் கிருமி நுழைந்தால் 100க்கு 95 பேர் சில மாதங்களில் அதைத் தாமாகவே விரட்டிவிடுவார்கள். பிறந்த குழந்தையின் உடம்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. கைக்குழந்தைப் பருவத்தில் தொற்றியவர்களில் 10க்கு 9 பேர் வரை வாழ்நாள் முழுதும் கிருமியைச் சுமக்கிறார்கள். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால், வளர்ந்து தாயாகி, தன் பிள்ளைக்கும் கொடுக்கிறது. வெளியே நின்று பார்த்தால் பரம்பரை நோய் போலவே இருக்கும்.

"எங்கள் வீட்டில் ஈரல் கெட்டுப் போவது பரம்பரை, அப்பாவுக்கும் அப்படித்தான், சித்தப்பாவுக்கும் அப்படித்தான்" என்ற பேச்சு தோட்டத்திலும் தாமானிலும் கேட்டிருக்கக் கூடியதுதான். குடிப்பழக்கம் இல்லாத வீட்டில்கூட இந்தப் பேச்சு உண்டு. பரம்பரை என்று சொல்லிவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது. கிருமி என்று தெரிந்தால் சோதிக்கலாம், தடுக்கலாம், மருந்து கொடுக்கலாம். உலகத்தையே சுற்றி வந்த ஒரு மரபணு விஞ்ஞானிக்கே இந்த இரண்டையும் பிரித்தறியப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதைப் பார்க்கும்போது, வீட்டுப் பெரியவர்கள் குழம்பியதில் வியப்பில்லை.

1989க்கு முன்னும் பின்னும்

புளூம்பெர்க்கும் அவரோடு பணியாற்றிய இர்விங் மில்மேனும் 1969இல் தடுப்பூசிக்கான வழியைக் கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதுவரை யாரும் செய்யாத முறை அது. கிருமியைச் சுமப்பவர்களின் இரத்தத்தில் கிருமியின் வெறும் மேலுறை ஏராளமாக மிதக்கும். உள்ளே சரக்கு இல்லாத காலிப் பெட்டி போன்ற அது நோயை உண்டாக்காது. ஆனால் உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்பொருளைத் தயார் செய்துகொள்ளும். அந்த உறையைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தியதே முதல் தடுப்பூசி. அமெரிக்காவில் அதற்கு 1981இல் அனுமதி கிடைத்தது. மனித இரத்தத்தின் தேவையே இல்லாமல், ஈஸ்ட்டில் வளர்த்தெடுக்கும் இன்றைய வகை 1986இல் வந்தது. இடையில் 1976இல் புளூம்பெர்க்குக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதைக் கார்ல்டன் கய்டுசெக் என்ற இன்னொரு விஞ்ஞானியோடு பகிர்ந்துகொண்டார்.

ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி ஆண்டுக்கணக்கில் ஈரலில் தங்கினால் ஈரல் சுருங்கி இறுகும், புற்றுநோயும் வரும். ஆகவே இந்த ஊசி மஞ்சள் காமாலையோடு புற்றுநோயையும் தடுக்கிறது. 1984இல் நாடு தழுவிய நிலையில் முதலில் தொடங்கிய தைவானில், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது.

மலேசியாவில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்த ஊசி போடும் திட்டம் 1989இல் தொடங்கியது. பட்டணம், தோட்டம் என்ற பேதம் இல்லை. அதற்குப் பிறகு பிறந்த தலைமுறையிடம் இந்தக் கிருமி மிகவும் குறைந்துவிட்டது. இந்த நாட்டில் இக்கிருமி சீனர்களிடம் அதிகமாகவும், இந்தியர்களிடம் குறைவாகவும் காணப்படுகிறது என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல.

கவலைக்குரியவர்கள் 1989க்கு முன் பிறந்தவர்கள். தோட்டங்கள் இன்னும் தோட்டங்களாக இருந்த காலத்தில், லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள், பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஈப்போவின் தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம் பெயர்ந்தவர்கள், இன்று 35 வயதைக் கடந்து நிற்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் வருவதற்கு முன், கண்ணாடி ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் மீண்டும் பயன்படுத்தியதால் இந்தக் கிருமி பரவியது உலகம் முழுக்க நடந்த விஷயம். சவரக் கத்தியைப் பகிர்வது, சுத்தமில்லாத ஊசியால் பச்சை குத்துவது, காது மூக்குக் குத்துவது, பாதுகாப்பற்ற உடலுறவு ஆகியவையும் வழிகள். தைப்பூசத்துக்கு அலகு குத்துவோரும், ஒருவருக்குப் பயன்படுத்திய அலகை இன்னொருவருக்குக் குத்தாமல் இருப்பது அவசியம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கை குலுக்குவதாலோ, கட்டிப் பிடிப்பதாலோ இது தொற்றாது. இது தெரியாததால் வீட்டில் தனிக் குவளை கொடுத்து ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு.

கிருமி உள்ளவருக்கு 20, 30 ஆண்டுகள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். சாப்பிடுவார், வேலைக்குப் போவார், பந்து விளையாடுவார். வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் மருத்துவமனை வாசலை மிதிப்பார். அப்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு இரத்தச் சோதனை போதும். 1963இல் அகார் தட்டில் வெள்ளைக் கோடாக விழுந்ததே, அந்த ஆன்டிஜெனைத்தான் இன்றும் தேடுகிறார்கள். இருந்தால் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை கொடுப்பார்கள். இவை கிருமியை முழுமையாக ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கின்றன. வீட்டில் மற்றவர்களையும் சோதித்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். தாய்க்குக் கிருமி இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், குழந்தை பிறந்தவுடன் தடுப்பூசியோடு எதிர்ப்பொருள் ஊசியும் போட்டுக் காப்பாற்றிவிட முடியும்.

சென்னையில் நடந்த சோதனை

மீண்டும் கீழாநெல்லிக்கு வருவோம். தடுப்பூசி வந்துவிட்டது, ஆனால் ஏற்கெனவே கிருமியைச் சுமக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு என்ன மருந்து? 1980களில் அதற்கு நல்ல பதில் இல்லை. பாரம்பரிய மருத்துவத்தில் மஞ்சள் காமாலைக்குத் தரப்படும் செடிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பணியில் புளூம்பெர்க்கின் நிலையத்தில் பி. எஸ். வெங்கடேஸ்வரன் ஈடுபட்டிருந்தார். கீழாநெல்லிச் சாறு ஆய்வுக்குழாயில் கிருமியின் வேலையைத் தடுத்தது. இதே வகைக் கிருமி தாக்கும் வுட்சக் என்ற அமெரிக்கக் கொறிவிலங்கிடமும் பலன் தெரிந்தது. வெங்கடேஸ்வரன், மில்மேன், புளூம்பெர்க் மூவரும் 1987இல் இதை வெளியிட்டார்கள்.

மனிதர்களிடம் சோதித்தது சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர், இதற்குத் தலைமை தாங்கினார். கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்குக் காய வைத்துப் பொடித்த கீழாநெல்லியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாளுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதே போன்ற தோற்றத்தில் மருந்தில்லாத வெறும் பொடி. முடிவில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் இரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988 அக்டோபரில் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்தக் கட்டுரை வந்தது. ஆசிரியர்களின் கடைசிப் பெயர் புளூம்பெர்க். பாட்டி வைத்தியம் உலகின் முதன்மையான மருத்துவ இதழில் ஏறிவிட்டது என்ற செய்தி தமிழ் ஏடுகளுக்குப் பெருமைக்குரியதாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

பெருமை பேசுவோர் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு சோதனையில் கிடைத்த பலன் இன்னொருவர் செய்தாலும் கிடைக்க வேண்டும் என்பது அறிவியலின் விதி. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. நியூசிலாந்தில் செய்தார்கள், அங்கும் இல்லை. செடி விளைந்த மண், பறித்த பருவம், செடியின் வகை ஆகியவை வேறாக இருந்ததால் அப்படி ஆனது என்று விளக்கம் சொல்லப்பட்டது. கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான சில செடிகள் புழங்குவது உண்மைதான். முதலில் ஒரு வகையின் பெயரில் ஆராயப்பட்டது வேறு வகை என்று பிறகு தெளிவானதும் உண்டு. ஆனாலும் உலகெங்கும் நடந்த சோதனைகளை 2011இல் ஒன்றாக வைத்து ஆராய்ந்த காக்ரேன் ஆய்வு, ஹெப்பாடைட்டிஸ் பி கிருமிக்கு எதிராகக் கீழாநெல்லி வேலை செய்கிறது என்பதற்கு நம்பத் தகுந்த சான்று இல்லை என்றே முடிவு கூறியது.

அப்படியானால் தோட்டத்தில் அதைக் குடித்துக் குணமானவர்கள்? அவர்களும் பொய் சொல்லவில்லை. அசுத்தத் தண்ணீராலும் உணவாலும் வரும் ஹெப்பாடைட்டிஸ் ஏ தான் அந்நாளில் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை தந்த முக்கியக் காரணங்களில் ஒன்று. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஓய்வும், எளிய உணவும், மோரும் கிடைத்ததே நல்லதுதான். குணமானதும் பெயர் செடிக்குப் போனது. ஹெப்பாடைட்டிஸ் பி கதை வேறு. மஞ்சள் நிறம் இறங்கினாலும் உள்ளே கிருமி தங்கிவிடக் கூடும். கண் வெள்ளையானதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து. இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவமனையில் தரும் மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கு மாறினால், அடங்கியிருந்த கிருமி சீறி எழுந்து ஈரலைச் சில வாரங்களிலேயே செயலிழக்கச் செய்துவிடலாம்.

உண்மையிலேயே மரபணு சம்பந்தப்பட்டது

புளூம்பெர்க் தேடிய கேள்வி, சிலருக்கு மட்டும் ஏன் என்பது, வேறொரு ஈரல் நோயில் பதில் கண்டது. 2008இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனதன் கோஹன் ஆகியோரின் குழு, 'பிஎன்பிஎல்ஏ3' என்ற மரபணுவில் உள்ள ஓர் எழுத்து மாற்றம் ஈரலில் கொழுப்புச் சேர்வதோடு தொடர்புடையது என்று கண்டறிந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களின் ஈரலில் கொழுப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஷம்சுல் முகமட் சைன், சஹுரின் முகமட், ரோஸ்மாவாத்தி முகமட், சஞ்சீவ் மகாதேவா உள்ளிட்டோர் இதை நம் நாட்டு நோயாளிகளிடம் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூன்று இனத்திலும் இந்தத் தொடர்பு இருந்தது.

இது நம் சமுதாயத்தைத் தொடும் விஷயம். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், நாட்டின் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனங்களில் அதுவே ஆக அதிகம். நீரிழிவும் கொழுப்பு ஈரலும் கைகோத்து வருபவை. மரம் வெட்டி, பால் வாளி தூக்கி, மேடு பள்ளம் ஏறி இறங்கிய தாத்தாவுக்கு இருந்த அதே மரபணுதான் பேரனுக்கும். ஆனால் பேரன் காரில் போய் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். இடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும். மரபணு மாறவில்லை, அது வாழும் வீடு மாறிவிட்டது. குண்டாகத் தெரியாதவர்களுக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது இந்தியர்களிடம் சாதாரணம். அதனால்தான் உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று நம் நாட்டு மருத்துவ வழிகாட்டிகள் கணக்கிடுகின்றன.

இந்த மரபணு மாற்றம் உள்ளவர்கள் குடித்தால் ஈரல் இன்னும் விரைவாகக் கெடும் என்பதும் தெரிய வந்துள்ளது. தோட்டத்துக் கள்ளுக்கடையிலும் பிறகு மலிவுச் சம்சுவிலும் போன உயிர்களின் கணக்கை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே குடித்த நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதத்துக்கு இதுதான் பதில்: நண்பனின் மரபணு வேறு. மறுபக்கம், இந்த மாற்றம் இருப்பவர்களுக்கும் எடை குறைந்தால் ஈரல் கொழுப்பு குறைகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தணிய வாய்ப்பு உண்டு. கோப்பி குடிப்பவர்களின் ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அதற்காகக் கெட்டிப் பால் ஊற்றிய கோப்பி அல்ல, கோப்பி ஓ கோசோங்.

புளூம்பெர்க் தன் 85ஆம் வயதில், 2011 ஏப்ரல் 5ஆம் நாள், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் ஒரு மாநாட்டில் உரையாற்றிய பின் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் பிற கோள்களில் உயிர் உண்டா என்ற ஆய்வில் இறங்கியிருந்தார். அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளே உலக ஹெப்பாடைட்டிஸ் தினம். 1963இல் அவரோடு அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்த ஹார்வி ஆல்ட்டர், இரத்தத்தின் வழி பரவும் இன்னொரு கிருமியான ஹெப்பாடைட்டிஸ் சி பற்றிய ஆய்வுக்காக 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஹெப்பாடைட்டிஸ் சிக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. ஆனால் அதை முழுமையாகக் குணப்படுத்தலாம். அதற்கான சொஃபோஸ்புவிர் மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், மலேசிய அரசாங்கம் 2017இல் காப்புரிமையைத் தாண்டி மலிவு விலை மருந்தை வாங்கும் உரிமையைப் பயன்படுத்தியது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரை, ஈரல் ஏற்கெனவே இறுகியவர்களுக்கு 24 வாரம் வரை. சோதனைக்கு முதலில் போக வேண்டிய இடம் பக்கத்திலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக். கிருமி இருப்பது உறுதியானால், மேல் சிகிச்சைக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அங்கிருந்தே கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். பி, சி இரண்டு சோதனைகளையும் ஒரே முறை எடுக்கும் இரத்தத்தில் செய்துவிடலாம்.